ரேஷன் அரிசி பிளாஸ்டிக்கா? விதையைப் பிடுங்கிவிடுவார்களா? நெல்லை அரசுக்குப் போடலாமா?

கேள்வி இதுதான்: "தேவகோட்டை பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், இனி விதை நெல்லை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வருகிறது, உழவர்களுக்கு அடையாள எண் கொடுத்து நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்றெல்லாம் ஊரில் பேச்சு. இந்த நிலையில் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவதா, வியாபாரிக்கே கொடுத்துவிடுவதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசியில் பிளாஸ்டிக் இல்லை. சொந்த விதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அடையாள எண்ணால் பட்டா மாறாது. நெல்லை அரசுக்குப் போடலாம், ஆனால் தராசையும் ஈரப்பதமானியையும் பார்க்காமல் போடக் கூடாது. அரசை அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் முழுக்க அரிசி மணியைச் சுற்றியே நிற்கிறது. அந்த நேரத்தில் தராசடியில் காசு போய்விடுகிறது. என் ஆதங்கம் அதுதான்.

இந்தச் செட்டிநாட்டுச் சீமையில், அரசு பறித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கு வேரும் உண்டு. பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்) கையில், 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1948இல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் போட்டது, எல்லாம் போயிற்று. (அங்கே நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய உழவரின் கணக்கு தனி. அதை இங்கே யாரும் பேசுவதில்லை.) உள்ளூரிலும் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபின் ரேஷன், கட்டாயக் கொள்முதல் என்று ஒரு காலம் ஓடியது. 1952இல் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். பிறகும் பல ஆண்டுகள் 'லெவி', அதாவது ஒரு பங்கை அரசுக்குக் கட்டாயமாகக் கொடுப்பது, என்ற பேச்சு இருந்தது. ஆலைகள் மீதான அரிசி லெவி 2015இல்தான் நின்றது. அரசாங்கம் நெல்லை எடுத்துக்கொள்ளும் என்ற பயம் கற்பனை இல்லை, பழைய நினைவு. இன்றைய நிலை வேறு. நெல்லை அரசுக்குத்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. வியாபாரிக்கோ ஆலைக்கோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ, உங்கள் இஷ்டம்.

அரிசிக்கு வருவோம். ரேஷன் அரிசியில் கொஞ்சம் வெளுப்பாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியும் மணிகள் செறிவூட்டிய மணிகள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவத்தில் வெட்டி உலர்த்துவார்கள். 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ இந்த மணி. கலந்தபின் ஒரு கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. மாவை அழுத்திச் செய்தது என்பதால் அதன் அடர்த்தி இயற்கை மணியிலிருந்து கொஞ்சம் மாறும். களையும்போது சில மணி மிதப்பதற்கும், சோற்றில் சில மணி குழைந்து ஒட்டுவதற்கும் காரணம் அதுதான். சோற்றை உருட்டி எறிந்தால் பந்து போல் எழும்புவது எந்த அரிசியிலும் நடக்கும். மாவுச்சத்தின் பிசுபிசுப்பு அது.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? சந்தேக மணி பத்தைப் பொறுக்கி இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு விரலால் நசுக்குங்கள். மாவாகும். அதன்மேல் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாகும். பிளாஸ்டிக் நசுங்கவும் நசுங்காது, நிறமும் மாறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக் குருணை விலை ரேஷன் அரிசியின் விலையைவிட அதிகம். அதை வாங்கிக் கலந்து நஷ்டப்பட எந்தத் திருடனும் முன்வர மாட்டான்.

மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. விலையில்லா அரிசியை நம்பியிருக்கும் வீட்டுக்கு, செறிவூட்டாத அரிசி வேண்டும் என்றால் கடையில் மாற்று உண்டா? தலசீமியா, அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை வாசகம் செறிவூட்டல் விதியில் இருந்தது. ஆனால் அது 50 கிலோ சாக்கில்தான் அச்சானது. கடைக்காரர் சாக்கைப் பிரித்துக் கிலோ கணக்கில் பையில் அளந்து போடும்போது அதை யார் படித்தார்கள்? நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியத்தையும் சொல்லாமல் செய்தால் வதந்தி முளைக்கும். வீட்டில் அந்த நோய் உள்ளவர் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் அவருக்கு மட்டும் வெளி அரிசியோ சொந்த நெல்லரிசியோ சமைப்பது நல்லது. மற்றவர்கள் இரண்டு தடவைக்கு மேல் அழுத்திக் களைய வேண்டாம். கஞ்சியை வடித்தால் கொட்டிவிடாதீர்கள்.

இனி நெல். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2369, சன்ன ரகத்துக்கு 2389. தமிழ்நாடு அரசு முறையே 131, 156 ஊக்கத்தொகை சேர்த்து 2500, 2545 ஆக்கியது. நிலையத்தில் 40 கிலோ மூட்டைக் கணக்கு. அப்படியானால் பொது ரகம் மூட்டைக்கு 1000, சன்ன ரகம் 1018. உங்கள் ரகம் எந்தப் பட்டியலில் வருகிறது என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூட்டைக்கு 18 ரூபாய் வித்தியாசம். பருவத்துக்குப் பருவம் விலை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பதிவு கணினி வழியில். சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் வேண்டும். இங்கே பெரும்பாலும் இடறுவது அடங்கலில். பயிர்க் கணக்கெடுப்பில் உங்கள் சர்வே எண் 'தரிசு' என்று பதிவாகியிருந்தால் வயலில் கதிர் முற்றி நின்றாலும் பதிவு ஓடாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே, மார்கழியிலேயே போய் அடங்கலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தை பிறந்தபின் ஓடினால் அலுவலர் கிடைக்க மாட்டார், மழை மட்டும் கிடைக்கும்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பட்டா ஐயா பெயரில், அல்லது ஏழெட்டுப் பங்காளி பெயரில் கூட்டுப் பட்டாவாக. வாரிசுகள் சென்னையிலும் மலேசியாவிலும். உழுவது வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ எடுத்தவர். குத்தகை வாய்ப் பேச்சுதான், எழுத்தில் இருக்காது. 1955இன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இரண்டையும் நினைத்து, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். காகிதம் இல்லாததால் உழுதவர் தன் பெயரில் நெல் போட முடியாமல் வியாபாரியிடம் போகிறார். அந்த வியாபாரி வேறு யாரோ பட்டாதாரர் பெயரில் அதே நெல்லை நிலையத்தில் இறக்குவதும் நடக்கிறது. அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை உழவனைத் தாண்டிப் போகும் வழிகளில் இது பெரியது. உழுபவர் இன்னார் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பருவத்துக்கு மட்டும் சாகுபடிச் சான்று கேட்டுப் பாருங்கள். நிலக்காரரிடம் முன்கூட்டிப் பேசிச் சம்மதக் கடிதம் வாங்கி வைத்திருந்தால் வேலை சுலபமாகும்.

அடுத்தது ஈரப்பதம். அனுமதி அளவு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் மாநிலம் கேட்டு மத்திய அரசு தளர்த்தியதுண்டு, அதை நம்பி ஈர நெல்லைக் கொண்டுபோக வேண்டாம். இயந்திரத்தில் அறுத்த நெல் 20 முதல் 25 சதவீத ஈரத்தோடு, பச்சைக் காயும் பதரும் கலந்து வரும். கல், மண் 1 சதவீதம், பதர், வைக்கோல் 1 சதவீதம், சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, பூச்சி அரித்த மணி எல்லாம் சேர்த்து 5, முதிராத சுருங்கிய மணி 3, தாழ்ந்த வகை நெல் கலப்பு 6. இவ்வளவுதான் இடம். பெரும்பாலான நெல் திரும்புவது ஈரத்திலும் பதரிலும்தான்.

களத்தில் தார்ப்பாய் போட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகாமல் பரப்புங்கள். அரை மணிக்கொரு தடவை காலால் கிளறிவிடுங்கள். தை, மாசியில் பனி இறங்கும் முன் குவித்து மூடிவிட வேண்டும். திறந்து கிடந்தால் பகலில் போன ஈரம் இரவில் பாதி திரும்பிவிடும். தார்ச்சாலைச் சூட்டில் ஒரே நாளில் உலர்த்தினால் மணிக்குள் கீறல் விழும், அரைத்தால் குருணை அதிகமாகும். வீட்டுக்கு வைக்கும் நெல்லை அப்படிச் செய்யவே கூடாது. அதை நிழலும் வெயிலுமாக 14 சதவீதம் வரை இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் குதிரில் சூடேறி மஞ்சளாகும். அரசுக்குப் போடும் நெல்லையோ 14 வரை உலர்த்துவது வீண். 17இல் 1000 கிலோ இருக்கும் நெல் 14இல் 965 கிலோதான். 35 கிலோ தண்ணீரை, அதாவது 875 ரூபாயை, வெயிலுக்குக் கொடுத்த கணக்கு. 16 அல்லது 16.5இல் நிறுத்துங்கள்.

மானியில் அளக்கும்போது களத்துச் சூட்டோடு எடுத்த மணியைப் போட விடாதீர்கள், அளவு தவறாகக் காட்டும். நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் பிடி எடுத்துக் கலந்து, மூன்று தடவை போட்டுச் சராசரி பாருங்கள். முடிந்தால் கிளம்பும் முன் வேளாண் விரிவாக்க மையத்திலோ பக்கத்து ஆலையிலோ ஒரு அளவு எடுத்துச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். கையில் எண் இருப்பவரிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

வியாபாரியா, நிலையமா என்பதற்கு ஒரு கணக்கு. 22 சதவீத ஈரத்தில் 1000 கிலோ நெல், 17க்கு வந்தால் 940 கிலோ. கிலோ 25 வீதம் 23,500. அதே ஈர நெல்லைக் களத்திலேயே வியாபாரி கிலோ 23.50க்கு எடுத்தால் இரண்டும் ஒன்று. உலர்த்தும் கூலி, டிராக்டர் வாடகை, காத்திருக்கும் நாள், மழைப் பயம் எல்லாம் கழித்தால் 22.50 வந்தாலும் யோசிக்கலாம். 19, 20 என்று பேசினால் நிலையம்தான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வியாபாரியின் மூட்டை 40 கிலோ அல்ல. அவர் மூட்டை எத்தனை கிலோ என்று முதலில் கேட்டு, கிலோ விலைக்கு மாற்றிய பிறகே பேரம்.

இப்போது தராசு. புதுச் சாக்கின் எடை சுமார் 580 கிராம். ஆகவே தராசில் 40 கிலோ 580 கிராம் காட்டினால் போதும். 41.5, 42 என்று வைப்பதுதான் பல இடங்களில் கேட்கும் புகார். கூடவே மூட்டைக்கு 40, 50 என்று கையூட்டு. மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதல் என்றால் 25 ரூபாய், அதோடு 40 ரூபாய் கைக்காசு, ஆக 65. குவிண்டாலுக்கு இரண்டரை மூட்டை, 162 ரூபாய் 50 காசு. மாநிலம் தந்த ஊக்கத்தொகை 131 முழுக்கப் போய், ஆதார விலையிலும் 31 ரூபாய் கடித்தாயிற்று. ஆலைக்குப் போகும் வழியில் எடை குறையும், அதைச் சரிக்கட்டத்தான் கூடுதல் என்று ஊழியர் சொல்வார். எடை குறைவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருப்பது உண்மை. நெல் வாங்கிய பிறகு நாள் கணக்கில் லாரி வராமல் அடுக்கிலேயே காய்ந்தால் எடை குறையத்தான் செய்யும். அந்தச் சுமையைத் தூக்க வேண்டியது நிலையத்தை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகம், நீங்கள் அல்ல.

தராசைச் சோதிப்பது இப்படி. வெறும் மேடையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பிரிக்காத யூரியா மூட்டை ஒன்றைக் கொண்டுபோய் வையுங்கள். உள்ளே 45 கிலோ, பையின் எடை நூறு கிராம் சொச்சம். 45.1க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 44 காட்டினால் அந்தத் தராசு உங்கள் நெல்லையும் குறைத்துத்தான் காட்டும். அதே மூட்டையை மேடையின் நான்கு மூலையிலும் மாற்றி வைத்துப் பாருங்கள், எல்லா மூலையிலும் ஒரே அளவு வர வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை எடையளவுச் சட்டப்படி முத்திரை போட வேண்டும். அதைச் செய்வது தொழிலாளர் துறை. முத்திரைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சண்டை போடாமல், "ஐயா, சான்று எங்கே ஒட்டியிருக்கு?" என்று கேட்டாலே போதும், எடை போடும் கை கொஞ்சம் நிதானமாகும். எல்லா மூட்டையும் எடை போட்டு முடியும்வரை உங்கள் வீட்டு ஆள் ஒருவர் தராசடியிலேயே நிற்கட்டும். எண்ணிக்கையை நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள். ரசீதில் மூட்டை எண்ணிக்கை, எடை, ரகம் மூன்றும் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

விதை பற்றி. 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பிரிவு 39: உழவர் தன் விளைச்சலை, விதையாகவும், சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பதிவு பெற்ற ரகத்தை நிறுவனப் பெயர் அச்சிட்ட பையில் விதையாக விற்கத்தான் கூடாது. 2025 நவம்பரில் வெளியான விதைச் சட்ட வரைவும் உழவரின் சொந்த விதைக்கு இந்த விலக்கை வைத்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நான்கு மரக்கால் கருப்புக் கவுனி கொடுத்தால் யாரும் பிடித்துப் போக மாட்டார்கள். கவலைப்பட வேண்டியது கலப்பின விதையில். அதை எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது, அதனால் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கும்படி ஆகும். அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுபோவது அரசாணை இல்லை, கடைக்காரரின் பேச்சு.

வாங்கும் விதையில் சான்று விதை என்றால் நீல அட்டை, ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை பையில் தைத்திருக்கும். நெல்லுக்கு முளைப்பு குறைந்தது 80, புறத்தூய்மை 98. நீங்களே பார்க்கலாம்: நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் தெளித்து, ஒரு வாரத்தில் முளைத்ததை எண்ணுங்கள். அறுத்த புதிது என்றால் சில ரகம் உறக்கத்தில் இருக்கும், அவசரப்பட்டு விதை கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அட்டை, ரசீது, ஒரு கைப்பிடி விதை மூன்றையும் அறுவடைவரை வையுங்கள். விதை ஏமாற்றினால் இழப்பீடு கேட்க அதே பிரிவு 39 வழி தருகிறது, ஆனால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

உரத்தில் நீள எழுத ஒன்றுமில்லை. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. அதோடு இன்னொரு உரப் புட்டியையும் வாங்கினால்தான் தருவேன் என்பது விதிமீறல். விற்பனைக் கருவியின் ரசீதைக் கேளுங்கள்.

உழவர் அடையாள எண் என்பது ஆதாரையும் நில ஆவணத்தையும் இணைக்கும் பதிவு, அவ்வளவுதான். உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் பட்டாவும். ஆனால் நான் பயப்படும் இடம் வேறு: பட்டாதாரருக்கு மட்டும் எண் கொடுத்து, பின்னர் ஒவ்வொரு சலுகையையும் அந்த எண்ணோடு கட்டினால், வாரத்துக்கு உழுபவர் அரசின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுவார். பாகப்பிரிவினை முடியாத குடும்பங்கள் பட்டாவைப் பிரித்துக்கொள்ள இதையே சாக்காக வைத்துக்கொண்டால் நல்லது.

புகார் எங்கே என்று கேட்டால்: ரேஷன் கடைக்கு 1967. கொள்முதல் நிலையத்துக்கு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளர், பிறகு முதல்வரின் உதவி எண் 1100, ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம். கூட்டத்தில் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் நிலையத்தின் பெயர், தேதி, மூட்டை எண்ணிக்கை, தராசு காட்டிய எடை நான்கையும் எழுதி, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவும் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதில் கேட்க வேண்டியவை: அந்த நிலையத் தராசுக்குக் கடைசியாக முத்திரையிட்ட தேதி, நாள்வாரியாக வாங்கிய மூட்டை, நாள்வாரியாக லாரியில் அனுப்பிய மூட்டை, ஆலையில் இறங்கியபோது பதிவான எடை. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்களிடம் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக வாங்கிய நெல் ஆலைவரை போனதா, நடுவழியிலேயே இறங்கியதா என்பது தெரிந்துவிடும்.